சிவப்பறையில் பார்த்த பாதம்

கண்ணாடித் தட்டில் ஊற்றிய கரைசல் காயும்வரை சிவப்பறையின் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிச்சம் உள்ளே வரும். சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் பட்டால் படலம் காயும் முன்பே கோணிக்கொள்ளும். அதனால் ஊற்றியவள் உள்ளேயே கிடக்க வேண்டும். ஒரு நாற்காலி, கூரையில் இரண்டு சிவப்பு விளக்குகள், தட்டை வைக்கும் மூடி போட்ட உலர்த்தும் பெட்டி. செய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த நேரத்தை அவள் காலுக்குக் கொடுத்திருந்தாள்.

தட்டு அதிரக் கூடாதென்று மேசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நிற்பாள். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குதிகால்களைத் தூக்குவாள். முன்பாதத்தில் நின்று, மெல்ல இறக்கி, மறுபடி தூக்குவாள். கெண்டைக்கால் இறுகித் தளரும். அது இறுகினால்தான் கீழே போன ரத்தம் மேலே ஏறும் என்று கால் டாக்டர் சொல்லியிருந்தார். சலித்துப்போகும்வரை செய்வாள். சலித்த பிறகும் கொஞ்சம் செய்வாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலணியையும் உறையையும் கழற்றுவாள். சட்டைப்பையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்ப்பாள். கீறல் உண்டா, கொப்புளம் உண்டா, நிறம் மாறியிருக்கிறதா. சர்க்கரை நோய் வந்து பல வருடமாயிற்று. பாதம் மரத்துவிட்டது. முள் குத்தினாலும் அவளுக்குச் சேதி வராது. கால் எப்படி இருக்கிறதென்று கண்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கு முதலில் ஒரு விரல் போனது. பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். "கொஞ்சம் கொஞ்சமா தவணையில எடுத்துக்கிட்டாங்க" என்று அண்ணன் சிரிப்பான். அவனோடு சேர்ந்து அவளால் சிரிக்க முடிந்ததில்லை.

ஊற்றிக் காய்ந்து உரித்தெடுத்த படலம் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆரஞ்சு நிறத்தில், வெங்காயத் தோல் கனத்தில் இருக்கும். பக்கத்து அறையில் அதை வெட்டித் துண்டாக்குபவனுக்குக் கத்திரி என்று பெயர். நாற்பது வயது, இரண்டு பெண்களுக்கு அப்பா. வாய்க்கும் அதே பெயர் பொருந்தும். ஒவ்வொரு துண்டையும் பிடியில் மாட்டி நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பான். ஒளி பட்டதும் துண்டு சோம்பல் முறிப்பதுபோலத் தலையைத் தூக்கி வளையும். அணைத்தால் மெல்லப் படுத்துக்கொள்ளும். மோட்டார் இல்லாமல் வெயிலுக்குத் தானாக மூடிக்கொள்ளும் சன்னல் மறைப்பு செய்வதாக ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஒரு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, இதப் பாருங்க. உங்களவிட ஒழுங்கா எக்ஸர்சைஸ் பண்ணுது. இதுக்கெல்லாம் சுகரே வராது."

"அதுக்கு வீட்டுக்குப் போயி சமைக்கிற வேலை இல்லடா."

"சமைச்சாலும் வளைஞ்சுகிட்டேதான் சமைக்கும்."

"வாய மூடிட்டு வெட்டு."

வீட்டுக்குப் போனால் சமையல், பாத்திரம், துணி. உட்கார்ந்தால் கண் செருகும். கணவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி நடுவில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். இருட்டிய பிறகுதான் வருவார். கையில் கிரீஸ் வாசனை சோப்புக்குப் போகாது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்பார்.

"கால் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

பல நாள் அவர்களுக்குள் நடக்கும் பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். இருவருக்கும் அதற்கு மேல் தெம்பில்லை.

ஒரு விடுமுறைக் காலை. அவள் கால் நகத்தை அவள் வெட்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கணவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சன்னலோரம் முக்காலியைப் போட்டு, அவள் வலது பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்தார். கட்டைவிரல் நகத்தில் நகவெட்டியை வைத்தவர் எடுத்துவிட்டார். பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது என்ன?"

"எது?"

"இங்க. விரலுக்கு அடியில."

அவள் தன் சின்னக் கண்ணாடியை எடுத்து அடியில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலின் அடிமேட்டில் தடித்த தோல். அது அவளுக்குத் தெரிந்த தடிப்புதான். தினமும் அங்கே ஊன்றி நிற்பதால் வந்தது என்று நினைத்திருந்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இப்போது ஒரே சிவப்பு. விரலுக்கு மேலே ஏறி, உள்பாதம் பக்கம் ஓடியிருந்தது. கணவர் விரலால் அழுத்தினார். தடிப்பின் ஓரத்தில் ஈரம் கசிந்தது.

"வலிக்குதா?"

"நீங்க அழுத்துறதே தெரியல."

"எப்ப இருந்து இது?"

"நேத்து இல்லீங்க."

"நேத்து பாத்தியா?"

"பாத்தேங்க."

அவர் நகவெட்டியை மடக்கிப் பையில் போட்டார். நகங்கள் அப்படியே இருந்தன.

கால் டாக்டர் தடிப்பைச் சீவி எடுத்தார். அடியில் குழி இருந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

"இது நேத்து வந்தது இல்லம்மா. உள்ள புண்ணாகி, சிவந்து, நாளாச்சு. வேலைக்குப் போடுற ஷூ கொண்டு வரச் சொன்னேனே?"

கணவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் உள்ளே கையை விட்டார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"கைய விட்டுப் பாருங்க."

விட்டாள். உள் அட்டையின் தையல் பிரிந்து விளிம்பு மடிந்து நின்றது. கை பட்ட உடனே கைக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அதன்மேல் நின்ற காலுக்குத் தெரியவில்லை.

"எக்ஸர்சைஸ் என்ன பண்றீங்க?"

"குதிகால தூக்கி நிப்பேன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல."

டாக்டர் ஷூவை வாங்கிக் கீழே வைத்தார்.

"புண்ணு இல்லாதப்ப அது நல்லதுதான். புண்ணு வந்த பிறகு உடம்பு பாரம் மொத்தமும் அதே எடத்துல போய் இறங்கியிருக்கு. வந்த அன்னைக்கே பாத்திருந்தா நிறுத்தியிருக்கலாம். தினம் பாக்கச் சொன்னேன்ல?"

"பாத்தேன் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்திருந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே மேற்கொண்டு சொன்னார். எலும்புவரை போயிருக்காது என்று எக்ஸ்ரே படம் காட்டுகிறது. மருந்து சாப்பிட வேண்டும். நிற்கக் கூடாது. முன்பாதம் தரையில் படாத செருப்பு ஒன்று தருவார்கள். படுத்தபடி செய்யும் பயிற்சி வேறு இருக்கிறது. அடுத்த முறை வரும்போது புண்ணின் ஓரத்துக்கு ரத்தம் வந்துசேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"வரலன்னா?" கணவர் கேட்டார்.

"விரல எடுக்க வேண்டி வரும். விரலோட நிக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

பேருந்தில் அவளுக்கு சன்னலோர இருக்கை கிடைத்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன அடிக்கவா போறேன்?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

"சரி விடு."

"என்ன சரி விடு?"

"சரி விடுன்னா சரி விடு. அலுத்துப் போய் வர்ற. ஒரு நாள் விட்டிருப்ப, ரெண்டு நாள் விட்டிருப்ப. மனுஷிதானே."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மன்னித்துவிட்டார்.

அன்று முதல் அவர் அவளைக் கேட்பதை நிறுத்திவிட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சன்னலோரம் முக்காலியைப் போட்டுத் தானே பார்த்தார். லிப்டின் கம்பிவடத்தில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பார்த்தார். பிறகு படுக்கவைத்துப் பயிற்சி. முதலில் காலைத் தலையணை அடுக்கின்மேல் உயர்த்திப் பாதம் வெளுக்கும்வரை வைத்திருக்க வேண்டும். அடுத்து எழுந்து உட்கார்ந்து கட்டிலிலிருந்து தொங்கவிட வேண்டும். அதற்கும் அடுத்து நீட்டிப் படுக்க வேண்டும்.

"மேல" என்பார். "கீழ." "மட்டம்."

"நான் என்ன லிப்டா?"

"லிப்டுன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் தனியாகக் கிடந்தாள். கிடக்கக் கிடக்க அவளுக்கே சந்தேகம் தட்டியது. பார்த்தேனா? கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே நாற்காலியில் தூங்கியிருப்பேனோ? கண் பாதத்தின் மேலும் மனம் அடுப்பின் மேலும் இருந்திருக்குமோ? ஒவ்வொரு நாளாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். எல்லா நாளும் ஒரே நாள்போல இருந்தது. சிவப்பு விளக்கு, சுவர், நாற்காலி, கண்ணாடி, சுத்தமான பாதம். சுத்தமாகத்தான் இருந்தது. அதை மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஆனால் டாக்டர் பொய் சொல்ல வேண்டியதில்லை. கணவர் கண்ணும் பொய் சொல்லவில்லை. மிச்சம் அவள்தான்.

மேடம் போன் செய்தார். வேறு யார் ஊற்றினாலும் படலம் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிகிறது. கம்பெனிக்காரர்கள் வரும் நாள் நெருங்குகிறது. நிற்க வேண்டாம், தொட வேண்டாம், உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

"போகணுமா?" கணவர் கேட்டார்.

"உக்காந்துதான் இருக்கப் போறேன்."

"நிக்காத."

"நிக்கல."

"நீ சொல்லுவ."

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். குனிந்து அவள் கட்டைச் சரிசெய்தார். "ஓரத்துல ரத்தம் கசிஞ்சிருக்கு. பரவால்ல. சாயங்காலம் மாத்திக்கலாம்" என்றார். பைக்கில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார்.

சிவப்பறையில் அவளுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து ஒன்றில் காலை நீட்டினாள். ஊற்றப் போவது கத்திரி. கையுறை போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

"ஊத்து. நடுவுல இல்ல, ஓரமா. ஆங். இப்ப கத்திய வை. இழு. நிறுத்தாத. மூச்சு விடாம இழு."

"மூச்சு விடலன்னா செத்துருவேன்க்கா."

"இழுத்துட்டுச் சாவு."

கரைசலைக் கத்தியால் தட்டு முழுக்க இழுத்துப் பரப்பி முடித்தான். ஒரு முனையில் கொஞ்சம் நடுங்கியிருந்தது. மற்றபடி பரவாயில்லை. மூடியைப் போட்டுவிட்டுத் தரையில் சுவரோரம் உட்கார்ந்தான். இனி காய வேண்டும். கதவு திறக்காது.

அவள் பழக்கத்தில் பாதத்தைப் பார்த்தாள். கட்டு வெள்ளையாக இருந்தது.

மறுபடி பார்த்தாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். கணவர் கட்டை மாற்றவில்லை. சாயங்காலம் என்றுதான் சொன்னார். ஓரத்தில் கசிந்ததை வாசலில் இறங்கும்போதுகூட அவள் கண்ணால் கண்டாள். நாணயம் அளவுக்கு இருந்தது. இப்போது இல்லை.

"டேய். இங்க வா. இந்தக் கட்டுல கறை ஏதாவது தெரியுதா?"

கத்திரி தவழ்ந்து வந்து பார்த்தான். "இல்லையே. இப்பத்தான் துவைச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு."

அவன் மெல்ல நிமிர்ந்தான். கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தான். பிறகு கட்டைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கிண்டல் இறங்கிப்போனது.

"அக்கா..."

"பேசாத."

இந்த அறைக்குப் புதிதாக வருகிற யாருக்கும் அவள் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான். சிவப்புப் பேனா கொண்டு வராதே. இந்த வெளிச்சத்தில் சிவப்பு மை எழுதினது எழுதாதது மாதிரி இருக்கும். ஒரு முறை மேடமே சிவப்பில் அடையாளம் போட்டுவிட்டு, தட்டெல்லாம் வெறுமையாக இருக்கிறதென்று சத்தம் போட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவள்தான் அதிகம் சிரித்தவள்.

எழுந்து வெளியே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கதவு அங்கே இருந்தது. படலம் காயவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். கத்திரியும் உட்கார்ந்திருந்தான்.

பார்த்திருக்கிறேன், என்று நினைத்தாள். ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறேன். தெரியவே தெரியாத இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை என்பதில் வந்த ஆறுதல் அதோடு முடிந்துபோயிற்று. பார்க்காமல் விட்டிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்.

கதவு திறந்ததும் கத்திரி அவள் கையைப் பிடித்து நடைபாதைக்குக் கூட்டிப்போனான். வெள்ளை விளக்கின் கீழே கறை இருந்தது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதாகியிருந்தது.

"மேடத்துகிட்ட சொல்லணும்க்கா."

"என்னன்னு சொல்லுவ? எங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கே தெரியலன்னா?"

சாயங்காலம் கணவர் பைக்கோடு வந்து நின்றார். அவள் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் கால் பாக்குறது உள்ள, அந்த சிவப்பு லைட்டுல. அங்க சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. காலையில நீங்க பாத்த ரத்தம் உள்ள போனதும் காணோம். வெளிய வந்தா இருக்கு. கத்திரியும் பாத்தான்."

அவர் எஞ்சினை அணைத்தார்.

"அது உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே?"

"தெரியும்."

"அப்புறம்?"

"பேனான்னா தெரியும்ங்க. கால்னு வந்தப்ப தோணல."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திருகித் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. பாத்தேன்னுதானே சொன்னேன்."

"ஆமா" என்றார். "சொன்ன."

அவ்வளவுதான். பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் "பிடிச்சுக்கோ" என்றார்.

அடுத்த முறை கால் டாக்டரிடம் போனபோது கணவர் அறைக்கு உள்ளேயே நின்றார். டாக்டர் கட்டைப் பிரித்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. கத்தியால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டச் சுரண்ட வெளிறிய தோல்தான் வந்தது. கணவர் அவள் தலைமாட்டுக்கு வந்து நின்றார். அண்ணனுக்கும் இப்படித்தான், ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் விரலுக்கு நாள் குறித்தார்கள். அவள் டாக்டரின் கையைப் பார்க்காமல் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம் சட்டென்று சுருங்கியது.

"டாக்டர், ரத்தம் வருது."

"வரட்டும்."

"நெறைய வருது டாக்டர்."

"வரட்டுங்க. வந்தாத்தான் விரல் இருக்கும்." டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். "ஓரம் உயிரோட இருக்கு. இப்போதைக்கு எடுக்க வேண்டாம்."

"இப்போதைக்குன்னா?"

"இப்போதைக்குன்னா இப்போதைக்கு. படுத்துப் பண்ற எக்ஸர்சைஸ் நிறுத்தாதீங்க. நிக்காதீங்க. வீட்டுல யார் பாக்குறது?"

"ரெண்டு பேரும்" என்றார் கணவர்.

"வெளிச்சத்துல" என்றாள் அவள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளக்க அவளுக்குத் தெம்பில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம். ஒரு நீள இருக்கையின் முனையில் இடம் கிடைத்தது. பயிற்சி நேரம் தவிரக் காலைத் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கணவர் அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வேலை இல்லையா இன்னைக்கு?"

"மூணு எடத்துல லிப்டு நிக்குது. ஏறிப் போகட்டும் படியில."

கொஞ்ச நேரத்தில் அவர் தலை சரிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஒரு கை மருந்துச் சீட்டைப் பிடித்திருந்தது, மற்றது அவள் விரல்களைச் சுற்றி இருந்தது. பிடித்திருக்கிறாரா, சும்மா வைத்திருக்கிறாரா என்பது காலுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பிடித்துத்தான் இருந்தார்.

சாளரத்துக்குள்ளிருந்து அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுப்பலாம் என்று கையைத் தூக்கினாள். மறுபடி ஒரு முறை கூப்பிடட்டும் என்று கீழே போட்டாள்.